ஏழாவது காளான்

1

நான் மவுத்தாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். போன மாதம் அதில் ஒரு குரல்பதிவு ஓடியது. சுவிசில் இருக்கும் நான் காட்டுக் காளான் தின்று, ஈரல் பழுதாகி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேனாம். மறுநாள் சுபஹுத் தொழுகைக்குள் பத்தொன்பது பேர், சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை எழுதிவிட்டார்கள். ஆறு பேர் அழும் முகம் போட்டார்கள். ஒருவர் மட்டும் "எந்தக் காக்கா?" என்று, எந்த அண்ணன் என்று தெரியாமல் கேட்டிருந்தார். அவர் என் சொந்த மச்சான்.

இவை எல்லாவற்றையும் சமையலறை மேசையில் இருந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டு நானே வாசித்தேன். பதில் எழுத விரல் வரவில்லை. நடந்தது என்ன என்பதை ஒழுங்காக எழுதத்தான் வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். பிழை விட்டது நான்தான், அதை ஒளிக்கப்போவதில்லை. ஆனால் பிழை விட்டேன் என்பதற்காக வீட்டுக்குள் முடங்கி இருக்கவும் போவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

2

எனக்கு எழுபத்து நாலு வயது. முப்பத்தொரு வருடம் இலங்கையில் நீர்ப்பாசனக் கந்தோரில் தண்ணீர் மட்டம் அளந்து பதிந்தவன். காலையும் மாலையும் குளத்துக் கட்டில் நின்று அடி, அங்குலம் பார்த்து எழுதிய கை. கந்தோர் போய்விட்டது. எண்ணும் பழக்கம் போகவில்லை. நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் வாசலிலிருந்து எங்கள் கதவு வரை முப்பத்தாறு படி. கதவிலிருந்து காட்டின் முதல் மரம் வரை ஆயிரத்து இருநூற்றுப் பத்து காலடி, மழை நாளில் கொஞ்சம் கூடும். மகன் நியாஸ் இதை வியாதி என்கிறான். என் மனைவி ஹபீபா ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு நாற்பத்தாறு வருடம் பழகிவிட்டது.

மகன் கூப்பிட்டுத்தான் இங்கே வந்தோம். வந்து பதினொரு வருடம். விசாக் கந்தோரில் இருந்து வந்த கடிதங்கள் இரண்டு கோப்புகளை நிரப்பியிருக்கின்றன. அந்த வயதில் என்னை ஜெர்மன் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். இவர்கள் எண்ணைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். இருபத்தொன்றை "ஒன்றும் இருபதும்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். வாழ்நாள் முழுக்க எண்ணியவனுக்கு இதைவிடத் தண்டனை இருக்க முடியாது. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியை கேட்டபோது நான் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனம், "நான் காட்டுக்குப் போகிறேன்" என்பது. சொன்னதற்காகப் போகத் தொடங்கினேன். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

கூட வருகிறவன் தங்கராசா. பெரியநீலாவணையில் கடல் தொழில் செய்தவன், என்னைவிட ஆறு வயது இளையவன். மருதமுனையில் என் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்குச் சைக்கிளில் கால் மணி நேரம்கூட இல்லை. ஊரில் ஒருநாளும் கண்டதில்லை. இங்கே ஒரு பஸ் தரிப்பிடத்தில், குளிரில், அவன் தனக்குத்தானே திட்டிக்கொண்டு நின்ற தமிழைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். மகனோடும் மருமகளோடும் இருக்கிறான். மகனுக்கு வேலை வேறு நகரத்தில், சனி ஞாயிறுதான் வருவான்.

3

செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை. மூன்று நாள் மழை பெய்து விட்டிருந்தது. காலை ஒன்பதரைக்கு ஓக் மரங்களுக்குக் கீழே அதைக் கண்டோம்.

அதைக் கண்டதும் எனக்குள் என்ன நடந்தது என்று சொன்னால்தான் பிழை எப்படி வந்தது என்று விளங்கும். கல்முனைக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. சிறுபோக நெல் வெட்டிச் சூடடித்த பிறகு வைக்கோல் களத்திலேயே குவிந்து கிடக்கும். அதன் மேல் மாரியின் முதல் மழை விழுந்து, குவியல் உள்ளுக்குள் சூடேறிப் புளித்த மணம் அடிக்கத் தொடங்கியதும், ஓரங்களில் முட்டை முட்டையாகக் காளான் வெளியே வரும். ஒரு தோல் பைக்குள் இருந்து பிதுங்கி வரும். விரிந்த பிறகும் அந்தப் பை அடியில் கிண்ணம் மாதிரி நிற்கும். அதுதான் வைக்கோல் காளான். வாடியில், வயல் குடிசையில், தங்கிய நாட்களில் தேங்காய்ப்பாலில் போட்டு எத்தனை தரம் தின்றிருப்போம் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

அந்த முட்டையும் அந்தக் கிண்ணமும் இங்கே, ஓக் மரத்தடியில். பதினைந்து. ஒன்பது இன்னும் விரியாதவை, ஆறு விரிந்தவை. விரிந்தவற்றின் தொப்பி மங்கலான பச்சை, தண்டில் சின்னப் பாவாடை மாதிரி ஒரு தோல். ஊரில் அந்தப் பாவாடை கிடையாது. குளிர் நாட்டில் காளானும் உடுத்திக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று அது எனக்குக் கெட்டித்தனமான விளக்கமாகப் பட்டது.

தங்கராசா சந்தேகப்பட்டான். மீனென்றால் தனக்குத் தெரியும், தரையில் முளைப்பது தெரியாது என்றான். நான் உறுதியாகச் சொன்னேன். வயல்காரன் சொல்கிறேன், நம்பு என்றேன். நம்பினான். மூத்தவர் என்று எனக்கு எட்டு, தனக்கு ஏழு எடுத்துக்கொண்டான்.

4

பின்னேரம் நாலு மணிக்கு ஹபீபா அவற்றைக் கழுவ எடுத்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்க, இதுல வைக்கோல் துரும்பு ஒண்டுமே ஒட்டல்லியே."

எனக்கு விளங்கவில்லை. காடு என்றால் மண்தான் ஒட்டும் என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றன். ஊரில நீங்க கொண்டந்து போட்டுட்டுப் போயிருவீங்க. நகத்தால துரும்பு பொறுக்கினவள் நான். துரும்பில்லாம ஒரு காளானும் எண்ட கைக்கு வந்ததில்ல. வைக்கோல் இல்லாத இடத்தில வைக்கோல் காளான் எப்படி மொளைக்கும்?"

நான் கோபப்பட்டேன். உனக்குக் காளானைப் பற்றி என்ன தெரியும், நீ ஒருநாளாவது களத்துக்கு வந்து பிடுங்கியிருக்கிறாயா என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்துவிட்டு, தான் இதைச் சமைக்கப்போவதில்லை, வேண்டுமென்றால் நானே சமைத்து நானே தின்னலாம் என்றாள்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. காட்டில் காளான் பிடுங்கினால் ஊர்ச்சபை நியமித்த பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, தின்னலாமா கூடாதா என்று துண்டு எழுதித் தருவார். வியாழன் நாலரை முதல் ஆறு வரை திறந்திருக்கும். நான் போனது சந்தேகத்தில் அல்ல. முத்திரை குத்திய துண்டோடு வந்து ஹபீபாவின் முன்னால் மேசையில் அடித்து வைக்க வேண்டும் என்றுதான்.

5

பரிசோதகர் அறுபது வயதுப் பெண்மணி. பெயர் ரூத். மேசையில் பழைய பத்திரிகை, ஒரு கத்தி, ஒரு பூதக்கண்ணாடி. என் எட்டையும் வரிசையாக வைத்தார். அடிப்பையோடு முழுசாகப் பிடுங்கியிருக்கிறீர்கள், நல்லது என்றார். பாதிப் பேர் தண்டை வெட்டிக்கொண்டு வருவார்களாம். அடையாளம் மண்ணுக்குள் போய்விடுமாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அது ஒரு நிமிடம்தான்.

விரியாத ஒன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்தார். உள்ளே வெள்ளைத் தோலுக்குக் கீழே பச்சைக் கோடு ஓடியது. விரிந்த ஒன்றைக் கவிழ்த்து அடியில் இருந்த மடிப்புகளைக் காட்டினார். வெள்ளை. உங்கள் ஊர்க் காளானில் இந்த மடிப்பு முதிரும்போது என்ன நிறம் என்று கேட்டார். யோசித்தேன். இளஞ்சிவப்பு. அது எனக்குத் தெரியும். ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். பார்த்ததை அந்த ஓக் மரத்தடியில் ஒரு தரமும் நினைக்கவில்லை. வடிவத்தைக் கண்டதும் மற்ற எல்லாவற்றையும் மனம் தானே நிரப்பிக்கொண்டது.

அவர் பெயரை எழுதிக் காட்டினார். குனோலன்பிளெட்டர்பில்ட்ஸ். ஐந்து அசை. பச்சை வகை. ஒன்றே ஒன்று ஒரு ஆளின் ஈரலை முடித்துவிடும். அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் நஞ்சு போகாது. ருசி நல்லதாகவே இருக்குமாம். தின்று பாதி நாள் போகும் வரை ஒன்றும் செய்யாது. பிறகு வயிற்றால் போகும், வாந்தி வரும், அதுவும் ஒரு கட்டத்தில் நிற்கும். சுகமாகிவிட்டது என்று ஆள் எழுந்து நடப்பார். அப்போதுதான் ஈரல் உள்ளுக்குள் முடிந்துகொண்டிருக்கும். ஆசியாவில் இருந்து வந்தவர்கள், நெல் விளையும் நாட்டவர்கள், வைக்கோல் காளான் என்று எண்ணி இதே பிழையை விடுகிறார்கள் என்றார். நான் தனி ஆள் இல்லை என்பது அந்த நேரத்தில் ஆறுதலாக இல்லை.

"இவ்வளவும்தானா?" என்று கேட்டார்.

பதினைந்து என்று சொன்னேன். சொன்ன வாயோடு கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

தங்கராசாவுக்கு அங்கிருந்து ஐந்து தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. சமைக்கும்போது சட்டையைக் கழற்றி, பைக்குள் இருக்கும் போனோடு ஆணியில் கொழுவிவிடுவான் என்று எனக்குத் தெரியும். பரிசோதகர் தன் போனிலும் எடுத்துப் பார்க்கிறேன் என்றார். நான் இலக்கத்தை எங்கள் முறையில் சொல்ல, அவர் தங்கள் முறையில் எழுத, முதல் அழைப்பு யாரோ ஒரு வெள்ளைக்காரருக்குப் போனது. இரண்டாவது சரியாகப் போயும் பதில் இல்லை. யாராவது ஒரு துண்டு, உப்புப் பார்க்க ஒரு சொட்டு, வாயில் வைத்திருந்தாலும் வயிற்று வருத்தம் வரும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி என்று சொல்லி, அவசர இலக்கத்தை என் கையில் எழுதித் தந்தார்.

பஸ்ஸில் ஒன்பது தரிப்பிடம். அன்றைக்குத்தான் அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரிந்தது. வழியில் நான் ஓதியது எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். அதையும் எண்ணவில்லை.

6

தங்கராசா அகப்பையோடு கதவைத் திறந்தான்.

"என்ன காக்கா, ருசி பாக்கக் கூப்பிடாமலே வந்திட்டீங்க?"

"தின்னிட்டியா?"

"மருமகள் வேலையால வரட்டும் எண்டு இருக்கன். ஏன்?"

உப்புப் பார்த்தாயா என்று மூன்று தரம் கேட்டேன். உப்பு இன்னும் போடவே இல்லை என்றான். அடுப்பை அணைத்தேன். சட்டியில் தேங்காய்ப்பால் மஞ்சளாகத் திரண்டு நின்றது. வாசம் ஊரில் வாடிக்குள் வந்த அதே வாசம். நஞ்சுக்கு அப்படி ஒரு வாசம் வரக்கூடாது.

விசயத்தைச் சொன்னேன். அவன் கதிரையில் இருந்துவிட்டான். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மண் பட்டிருந்ததால் அடிகளை வெட்டிப் பத்திரிகைத் தாளில் போட்டிருந்தான். கறிக்குள் போனதை எண்ண முடியாது, அடியை எண்ணலாம். எண்ணினேன். ஆறு. திரும்பவும் எண்ணினேன். ஆறு.

"ஏழாவது எங்க?"

"ஆறுதான் காக்கா வந்தது."

"நாங்க புடுங்கினது பதினஞ்சு. அந்தப் பொம்புளைட மேசையில எட்டு. மிச்சம் ஏழு."

"உங்கட கணக்கு கந்தோரோட முடிஞ்சுது. அதான் ஊத்தப் போறமே, ஆறெண்டா என்ன, ஏழெண்டா என்ன?"

குப்பை வாளியைக் கவிழ்த்தேன். கொண்டுவந்த பையை உதறினேன். அலமாரிக்குக் கீழே முழங்காலில் நின்று பார்த்தேன். எழுபத்து நாலு வயதில் முழங்காலில் நிற்பது தொழுகையில் மட்டும்தான் எனக்கு லேசு. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்ல, உள் அறைப் பக்கம் பார்த்தான்.

"ஒண்டு சாமிக்கு வச்சன். அத எண்ணுறல்ல."

அவர்கள் வீட்டு வழக்கம் அது. கடலுக்குப் போய் வந்தால் முதல் மீன், நல்ல மீன், அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அது கடல்காரனின் கணக்கில் வராது. எண்ணினால் அடுத்த நாள் வலையில் விழாது என்பது நம்பிக்கை. சாமிக்கு வைத்ததைப் பிறகு வீட்டுப் பெண் தனியாகச் சமைத்துத் தானே தின்ன வேண்டும், வேறு யாருக்கும் பங்கு கிடையாது. கடலை விட்டு இருபது வருடம். இப்போது காட்டில் இருந்து வருவதற்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தான். வீட்டுப் பெண் என்றால் மருமகள் சுகந்தி. ஐந்து நாற்பதுக்கு வருவாள். அப்போது ஐந்து இருபத்தைந்து.

அறை வாசலில் நின்றேன். அம்மன் படத்துக்குக் கீழே, பூவுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தட்டில், பதினைந்தில் பெரியது இருந்தது. அது நான் தொடும் இடம் இல்லை. அவன்தான் எடுக்க வேண்டும். அவன் எடுக்கவில்லை.

"வச்சத எடுக்கிறதா காக்கா? ஒருநாளும் எடுத்ததில்ல."

"தங்கராசா, அது நான் தந்த நஞ்சு. அம்மனுக்கு நஞ்சு வைக்கிறதா?"

இரண்டு கையாலும் எடுத்தான். பத்திரிகைத் தாளில் வைத்தான். நான் உரக்க எண்ணினேன். ஏழு.

சுகந்தி வந்தபோது இரண்டு கிழவர்கள் சட்டி, பலகை, கத்தி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றோம். கறியும் அடிகளும் ஏழாவதும் இரண்டு பைக்குள் கட்டி முடிந்திருந்தது. இன்றைக்கு என்ன கறி மாமா என்று கேட்டாள்.

"முட்டைப் பொரியல்," என்றான் தங்கராசா. அவள் கை கழுவப் போனதும் என் தோளில் தலையை வைத்து ஒரு நிமிடம் நின்றான். பிறகு, "காக்கா, இனி உங்கட வயல் கதைய என்னட்டக் கதைக்காதீங்க," என்றான்.

7

சனிக்கிழமை, ஹபீபா சொல்லிக் கேள்விப்பட்டு, நியாஸ் வந்தான். என் மகன் இப்போது எங்களைப் பார்க்க வருவதற்கும் முதல் நாளே நேரம் சொல்லி அனுப்புகிறான். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தவும் மாட்டான். அன்றைக்கு நேரம் சொல்லாமல் வந்தான். அதில் இருந்தே எவ்வளவு பயந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"வாப்பா, இனிக் காட்டுக்குப் போற வேல வேணா. வேலையில நிக்கக்குள்ள போன் அடிச்சா எனக்கு நெஞ்சு பதறுது."

அவன் சொன்னதில் பிழை இல்லை. என் கூடையையும் கத்தியையும் கொண்டுபோய் நிலவறையில் வைத்துப் பூட்டினான். வயோதிபர் மண்டபத்தில் வியாழன்தோறும் சீட்டு விளையாடுகிறார்களாம், என் பெயரைப் பதிந்துவிட்டானாம். அந்த வாரமே ஊரில் குரல்பதிவு ஓடியது. ஊரில் இருக்கும் என் மகளிடம் அவன் கவலைப்பட்டுச் சொன்னது நாற்பத்து மூன்று பேருக்கும் போய், போகிற வழியில் நான் இறந்துவிட்டேன்.

பிறகு அறிவுரை வரத் தொடங்கியது. கறிக்குள் வெள்ளி மோதிரம் போட்டால் நஞ்சென்றால் கறுக்கும் என்றார் ஒருவர். உள்ளிப்பூண்டு போட்டு அவித்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கச் சொன்னார் இன்னொருவர். நத்தை கடித்திருந்தால் மனிதனுக்கும் ஆகும் என்று ஒரு பள்ளிக்கூட அதிபர் எழுதினார், படித்தவர். எல்லாருக்கும் சொல்கிறேன். மோதிரம் கறுக்காது. உள்ளி ஒன்றையும் காட்டாது. என் எட்டில் ஒன்றை நத்தை நன்றாகவே கடித்திருந்தது. நத்தைக்கு ஆனது நமக்கு ஆகும் என்று யார் சொன்னது? நான் எழுதிய இதை வாசித்துவிட்டும் ஒருவரும் காளான் பிடுங்கப் போக வேண்டாம். எழுத்தைப் பார்த்துக் காளானை அடையாளம் பிடிக்க முடியாது. தெரிந்த கண் ஒன்று, கையில் எடுத்து, பிளந்து பார்க்க வேண்டும்.

நான் சீட்டு விளையாடப் போகவில்லை. அடுத்த வியாழன் ஹபீபா ஊரில் இருந்து கொண்டுவந்த, பன்புல்லில் பின்னிய பன் பையை அலமாரியில் இருந்து எடுத்தேன். அவள் பார்த்தாள். தடுக்கவில்லை. "துரும்பப் பாத்துப் புடுங்குங்க," என்றாள். இங்கே துரும்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்னதின் கருத்து எனக்கு விளங்கியது. எங்கே நிற்கிறது, எதில் நிற்கிறது என்று முதலில் பார். அதன் வடிவத்தைப் பிறகு பார்.

பிழை விட்டது என் கண். கால் பிழை விடவில்லை. ஒரு தரம் பாதை தவறினால் கண்ணைத் திருத்த வேண்டும், காலை வெட்டுவதில்லை. இந்த நாட்டில் எனக்கென்று கிடைத்த இடம் அந்தக் காடு ஒன்றுதான். அங்கே ஒருவரும் படிவம் நீட்டுவதில்லை. எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வதுமில்லை. அதை நான் மகனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நியாசுக்கு அதை அப்படியே சொன்னேன். அவன் கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். பரிசோதகரின் துண்டை ஒவ்வொரு தரமும் படம் பிடித்து அவனுக்கு அனுப்ப வேண்டும். சம்மதித்தேன். நிலவறைப் பூட்டின் திறப்பை அவன் இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பன் பை போதும், காற்றுப் போகும்.

இதுவரை ஐந்து துண்டு சேர்ந்திருக்கிறது. சமையலறைச் சுவரில் குத்தியிருக்கிறேன். பிடுங்குவதை எல்லாம், ஒன்று விடாமல், ரூத் அம்மையாரின் மேசையில் கொட்டுகிறோம். தெரியாததைத் தெரிந்ததோடு சேர்த்துப் போடுவதில்லை, தனிக் கடதாசிப் பை. ஒரு கெட்டது உடைந்து கலந்தால் முழுப் பையும் குப்பைக்குத்தான். பங்கு பிரிப்பது காட்டில் இல்லை, அவர் மேசையை விட்டு வந்த பிறகுதான். எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்த காளான் இரண்டு வகை. இந்த வயதில் இரண்டு போதும். அந்த இரண்டையும் அவரிடம் காட்டித்தான் தின்கிறேன்.

இன்னாலில்லாஹி எழுதிய பத்தொன்பது பேரும் அதை அழிக்க வேண்டாம். ஒருநாள் தேவைப்படும், அப்போது திரும்ப எழுதும் சிரமம் மிச்சம்.

போன வியாழன் தங்கராசா எனக்கு முன்னால் குனிந்து பிடுங்கிக்கொண்டு போனான். மஞ்சள் நிறம், கிண்ணம் இல்லை, பாவாடை இல்லை, இரண்டு பேருக்கும் தெரிந்த வகை. பையை நீட்டினான். நான் எண்ணக் கை விடும் முன்னால் அவனே சொன்னான்.

"பதினொண்டு காக்கா. சாமிக்கு வைக்கிறதும் சேத்துத்தான்."

நான் எண்ணிப் பார்க்கவில்லை.